செருப்பு விவகாரம்

அன்புள்ள மகளுக்கு,

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, நானும் உன் மாமாவும் நேற்று வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த முடிவொன்றை எடுத்தோம்: வாசலில் கிடக்கும் உன் அம்மாவின் செருப்பைப் பரணில் போடுவது.

காரணம் உன் தம்பி. அடக்கத்தன்று அவனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னோம் அல்லவா? முப்பது வயதானாலும் சொன்னதை அப்படியே நம்புகிறவன் என்று நினைத்தோம். அவனோ என்னைக் குறுக்கு விசாரணை செய்கிறான்.

"செருப்பு இங்க இருக்கே. வெறுங்கால்லயா போனா?"

"புதுசு வாங்கிக்கிட்டாடா."

"என்ன கலரு?"

நான் நீலம் என்ற அதே நொடியில் மாமா கறுப்பு என்றார்.

அவனுடைய சிறப்புப் பயிற்சி மையத்து டீச்சர், "செத்துட்டாங்கன்னு நேரா சொல்லிடுங்க சார். போயிட்டாங்கன்னா, எப்ப வருவாங்கன்னுதானே கேப்பான்?" என்றார். சின்னப் பெண், பக்குவம் போதாது.

இன்று காலை செருப்பு இல்லாததைப் பார்த்தான். "அம்மா வந்திருக்கா. எங்கிட்ட சொல்லாமலே செருப்ப மாட்டிக்கிட்டுப் போயிட்டா" என்றான். அழவில்லை. என்னையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தான், எங்களில் அடுத்துப் போவது யார் என்பதுபோல.

அதிலிருந்து வீட்டில் யாருடைய செருப்பையும் காணோம். இதைத் தபாலில் போட வெறுங்காலோடு போகிறேன்.

அப்பா