தேசம்மாவின் கார்டு

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். பீர்க்கன்கரணையிலிருந்து பெரும்பாக்கம் வருவதற்குள் பாதி நனைந்தாயிற்று. செருப்பு வேறு அறுந்தது.

வீடு வீடாகப் போய் பி.பி. பார்த்து கார்டில் எழுதியது பதினேழு பேருக்கு. உப்பைக் குறைக்கச் சொன்னது பதினேழு பேரிடமும். கேட்கப்போவது யாரும் இல்லை.

ஆறாவது மாடி தேசம்மா இந்த மாதமும் வீட்டில் இல்லை. விடியுமுன் மீன் எடுக்கப் போனால், விற்றுவிட்டு வரப் பொழுது சாய்ந்துவிடும். மகள் ரேவதி, இடுப்பில் குழந்தையோடு கையை நீட்டினாள்.

"அம்மா யாவாரத்துக்குப் போய்கீது. என் கையில பாத்து எழுதிக்கோக்கா. ரெண்டு பேருக்கும் ஒரே ரத்தம்தானே?"

சிரித்தேன். பார்த்தேன். 118/76. தேசம்மா கார்டில் எழுதினேன். மூன்று மாதமாக இப்படித்தான். கட்டம் காலியாக இருந்தால் மேலிடத்தில் திட்டு.

நவம்பர் 7, வெள்ளி

புழுக்கம். சுகாதார நிலையத்தில் கார்டுகளைக் காட்டினேன். தேசம்மா கார்டைப் பார்த்து டாக்டருக்கு ஒரே சந்தோஷம். "மூணு மாசமா நார்மல். வெரி குட். மாத்திரையைப் பாதியாக்கிடலாம்."

சொல்ல வாய் வரை வந்தது. பின்னால் நீள வரிசை. விழுங்கிவிட்டேன். குறைத்த மாத்திரையை நானே கொண்டுபோய் ரேவதியிடம் கொடுத்தேன். கோழை.

அடுத்த வாரம் ஒரு நாள் சாயங்காலம் போய் தேசம்மாவை நேரில் பிடிக்க வேண்டும்.

வாங்க: செருப்பு, துவரம்பருப்பு.

நவம்பர் 12, புதன்

காய்ச்சல் முகாம். கால் வலி. தேசம்மா வீட்டுக்குப் போகவில்லை. நாளை.

நவம்பர் 19, புதன்

மழை. நேற்று சந்தையில் மீன் கூடை மேலேயே சரிந்துவிட்டாராம் தேசம்மா. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். வலது கை, கால் விழுந்துவிட்டது. பேச்சு இல்லை. சேர்க்கும்போது 220/130.

போனேன். ரேவதி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீ ஒருத்திதான்க்கா மாசாமாசம் வூடு தேடி வந்துகினு இருந்த."

அவள் பிடித்த கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நவம்பர் 20, வியாழன்

டாக்டரிடம் சொல்லிவிட்டேன். கத்துவார் என்று நினைத்தேன். பேனாவை மூடி வைத்தார். "இது மாதிரி இன்னும் எத்தனை கார்டு?"

ஒன்பது.

"இன்னிக்கே போங்க."

ஆறு பேர் கிடைத்தார்கள். இரண்டு பேருக்கு எகிறியிருக்கிறது. வேலை போகும். போகட்டும்.

நவம்பர் 21, வெள்ளி

மழை விட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் ரேவதியிடமும் சொன்னேன். மாத்திரை ஏன் குறைந்தது என்பதை முழுதாக. குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டபடி கேட்டாள்.

"அப்போ நான் கைய நீட்டுனதாலயாக்கா?"

"இல்ல ரேவதி. நான் எழுதினதால."

தலையைக் குனிந்துகொண்டாள். என்னைத் திட்டிவிடு, என்றேன்.

"எனக்குத் திட்ட வரலக்கா. எங்கம்மாக்குப் பேச்சு வந்தா, அது திட்டும்."