முன்னால் போகும் சிவப்பு விளக்கு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், என் இழுவை வண்டி நலம், அப்பாவும் நலம்தான், அவருடைய முட்டி மட்டும் குளிரோடு கோபித்துக்கொண்டு படியேற மாட்டேன் என்கிறது. நீயும் மருமகளும் அவள் வயிற்றில் இருக்கும் குட்டி முதலாளியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் சரிம்மா சரிம்மா என்று பாதியிலேயே வைத்துவிடுகிறாய், அதனால்தான் இந்தக் கடிதம்.

புதுக் கார் வாங்கியதில் எங்களுக்கு ரொம்பச் சந்தோஷம். அப்பா அந்தப் படத்தைப் பட்டறைக்கு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டி மானத்தை வாங்குகிறார். ஆனால் லீவுக்கு வரும்போது மருமகளையும் வைத்துக்கொண்டு இருட்டோடு கிளம்பி, காலைச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பேன் என்று சொன்னாயே, அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ரோட்டில் கவிழ்ந்ததையும் நொறுங்கியதையும் கொக்கி மாட்டி இழுத்து வருவதுதானே உன் அம்மா பிழைப்பு. எனக்குக் காலண்டரே தேவையில்லை, என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பதை வைத்தே என்ன மாதம் என்று சொல்லிவிடுவேன். டயர் வெடித்தது, மத்தியானம் கண் அசந்துவிட்டது என்றால் கோடை. முதல் தூறல் விழுந்தால் அப்பா கேட்காமலே பிளாஸ்கில் டீ ஊற்றி வைத்துவிடுவார், ஏனென்றால் அத்தனை நாள் ரோட்டில் சிந்திய எண்ணெயும் தூசியும் குழைந்து சோப்புத் தண்ணீர் கொட்டிய குளியலறை மாதிரி வழுக்கும், நம் ஆட்களோ மழை வந்த குஷியில் பறப்பார்கள். கொட்டு கொட்டென்று கொட்டும் நாளில் பயந்து ஊர்வதால் எனக்கு வேலை குறைவு. எல்லாவற்றிலும் பொல்லாதது இப்போதைய பனிமூட்டம்தான்.

போன வாரம் நடந்ததைக் கேள், சிரிப்பாய். விடிகிற நேரத்தில் ஒரு லாரியை இழுத்துப் பட்டறையில் விட்டுவிட்டு, மூக்குக்கு முன்னால் கை தெரியாத பனியில் நத்தை மாதிரி வீட்டுக்கு வந்தேன். நம் வாசலுக்குள் திருப்பி நிறுத்தி இறங்கினால், பின்னாலேயே ஒரு கார் வந்து நிற்கிறது. அதன் பின்னால் இன்னொன்று. மூன்றாவது, நம் தண்ணீர் டிரம்மை இடித்துத் தள்ளிவிட்டு நிற்கிறது. என் வண்டியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டே மூன்று பேரும் நெடுஞ்சாலையை விட்டு நம் வீட்டுக்குள் வந்திருக்கிறார்கள்! அப்பா பல் தேய்த்துக்கொண்டிருந்தவர், வாய் நிறைய நுரையோடு பார்த்துவிட்டு, வந்ததுதான் வந்தீங்க, டீ குடிச்சிட்டுப் போங்க என்று உள்ளே கூப்பிட்டுவிட்டார். இருக்கிற டம்ளர் போதாமல் நான் பிளாஸ்க் மூடியில் குடித்தேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

நடுக் காரில் வந்தவனுக்கு உன் வயதுதான் இருக்கும். பக்கத்தில் அவன் பெண்டாட்டி, நம் மருமகள் மாதிரியே நிறைமாதம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவன் டீயை ஊதிக்கொண்டே, முன்னாடி போறவங்களுக்கு வழி தெரியும்னுதாங்க வந்தோம் என்றான். எனக்குச் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. எனக்கு எங்கே வழி தெரிந்தது? ரோட்டோர வெள்ளைக் கோட்டைத் தடவிக்கொண்டுதானே வந்தேன். நான் பக்கத்துக் கால்வாய்க்குள் இறங்கியிருந்தால் அந்த மூன்று வண்டியும் என் மேலேயே வந்து இறங்கியிருக்கும். வெயில் ஏறுகிற வரை ஒருவரையும் நான் விடவில்லை.

அதனால் ராசா, பனி விலகி வெயில் வந்த பிறகு கிளம்பு. வழியில் மூடிக்கொண்டால் ரோட்டோரத்தில் நிற்காதே, எவன் விளக்கையும் நம்பிப் பின்னால் போகாதே, ஏதாவது ஒரு பெட்ரோல் பங்குக்குள் ஒதுங்கி உட்கார்ந்துகொள். மத்தியானச் சாப்பாடு ஆறினால் சுடவைத்துத் தருகிறேன், ராத்திரி வந்தாலும் கதவு திறந்துதான் இருக்கும், ஏன் தாமதம் என்று கேட்க மாட்டேன். வைப்பர் ரப்பரை மாற்ற மறந்துவிடாதே. நீங்கள் மூன்று பேரும் நோய் நொடியில்லாமல் நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும்.

எத்தனையோ பேர் வண்டியை இழுத்து வந்திருக்கிறேன். உன் வண்டியை மட்டும் என் கொக்கியில் மாட்ட வைத்துவிடாதே, அம்மாவால் அது முடியாது.

வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
உன் அம்மா