பச்சைமானி

மார்ச் 4, காலை 7.10
செவ்வாய், வடமேற்கு நிலையம். எழுதுவது பூங்கோதை, கடல் உயிரியல். தொட்டி நீர் 18 டிகிரி. தூசிப் புயல் தொடங்கிவிட்டது. கூரைக் கண்ணாடி வழியே வரும் வெயில் பாதியாகிவிட்டது. என் மூச்சுக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தருவது இந்தத் தொட்டியின் நுண்பாசிகள். நீரின் பச்சையை அளந்து முகாமுக்கும் வாகனங்களுக்கும் அனுப்பும் பச்சைமானி நல்ல அளவு காட்டுகிறது.

மார்ச் 6, காலை 8.00
நீர் 11 டிகிரி. வெளிச்சம் இன்னும் மங்கல். பச்சை அளவு ஏறியிருக்கிறது. இருட்டிலும் குளிரிலும் பாசி செழிக்கும் என்றால் நான் படித்ததெல்லாம் பொய்.
என்னை அழைத்துப்போக முகாமிலிருந்து வாகனம் கிளம்பிவிட்டது. ஓட்டுவது அமலதாஸ், தூத்துக்குடிக்காரர், கூட இருவர். திரும்பிப் போவதற்கான ஆக்சிஜனை என்னிடம் நிரப்பிக்கொள்வது வழக்கம்.
வானொலியில் அவர்: "மேடம், சிலிண்டர் வைக்கிற எடத்துல கருவாடு ஏத்திட்டேன். உங்க தொட்டிதான் பச்சப்பசேல்னு கெடக்கே."

மார்ச் 6, பிற்பகல் 3.20
நுண்ணோக்கியில் எண்ணினேன். செல்களில் மூன்றில் ஒரு பங்கு செத்துவிட்டது. மிஞ்சியவை, கிடைக்கிற வெளிச்சத்தைப் பிடிக்கத் தமக்குள் பச்சையத்தைக் கூட்டிக்கொண்டிருக்கின்றன. மானிக்குப் பச்சையம் மட்டும்தான் தெரியும். சேமிப்பில் உள்ள காற்று எனக்குச் சில நாள் வரும். நால்வர் திரும்பிப் போகப் போதாது.

மார்ச் 7, காலை 6.40
பாதி வழியை நெருங்கிவிட்டார்கள். அதைத் தாண்டினால் கையிலுள்ள காற்றில் திரும்ப முடியாது. தொட்டியை நம்ப வேண்டாம், திரும்பிவிடுங்கள் என்று வானொலியில் சொன்னேன்.
"மீட்டர் ஏறிட்டுல்லா இருக்கு மேடம். தனியா இருந்து பயந்துட்டீங்களோ?"
எண்ணிக்கையை வாசித்தேன்.
"நீங்க எதத்தான் நம்பிருக்கீங்க? போன மாசம் என் கடிகாரத்தையே நம்பல." பின்னால் இருவர் சிரித்தார்கள். "உங்கள விட்டுட்டுப் போறதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்? வாரோம், இருங்க."

7.25
மானியின் தகவல் நின்றால் வாகனம் தானாகவே திரும்பிவிடும். ஓட்டுபவர் தடுக்க முடியாது. பாதி வழிக்குள் இருந்தால்தான்.
மானியின் கம்பியை வெட்டிவிட்டேன்.

7.31
"மேடம், மீட்டர் போச்சு. வண்டி திரும்புது." சற்று நேரம் இரைச்சல். "நீங்களா பண்ணீங்க?"
வெட்டிய கம்பியை மேசையில் வைத்தேன்.
"சிலிண்டர் ஏத்திட்டு மறுபடி வாரேன். எந்திரிக்காதீங்க. படுத்தே கெடங்க."

மார்ச் 10, நேரம் பார்க்கவில்லை
நீர் 3 டிகிரி. தொட்டி பழுப்பு. தலை வலிக்கிறது, எழுத்து கோணுகிறது.
அமலதாஸ் அழைத்தார். "பாதி தூரம் வந்துட்டோம் மேடம். புயலெல்லாம் ஒண்ணுமில்ல." அவர் பேசும்போது பின்னால் முகாமின் சாப்பாட்டு மணி அடித்தது. இன்னும் கிளம்பவில்லை. புயல் முற்றிவிட்டது, இனி கிளம்ப விடமாட்டார்கள்.
மணியைப் பற்றிக் கேட்கவில்லை. சரி, மெதுவாக வாருங்கள் என்றேன்.

பிறகு
இதை எடுப்பவருக்கு. மானியை நம்பாதீர்கள், எண்ணிப் பாருங்கள். அமலதாஸ் கேட்டால், அவர் வந்துகொண்டிருப்பதாகவே நான் நம்பினேன் என்று சொல்லி