நாற்பத்தொரு வெறுங்கோதுகள்

4 பெப்ரவரி 1987, புதன்

இன்றும் எஸர் வீட்டுக்குப் போனேன். அகதி மனு முடியும்வரை இங்கே, ஜேர்மனியில், எனக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. தேவாலயத்தார்தான் அவருக்கு உதவியாக அனுப்பினார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர், தனி ஆள், துவக்கோடு வேட்டைக்குப் போகிறவர். மூட்டுவாதத்தில் வலக்கை விரல்கள் மடங்கிவிட்டன. சுட்ட தோட்டாக் கோதுகளுக்கு வீட்டிலேயே மறுபடி வெடிமருந்தும் ஈயச் சன்னமும் நிரப்புவார். அனுமதிப் பத்திரம் சுவரில் தொங்குகிறது. பழைய கைக்கருவியைப் பிடிக்க முடியவில்லை, புது இயந்திரம் வேண்டுமாம். விலைப்பட்டியலைப் புரட்டிக் காட்டச் சொன்னார்.

படங்களைக் கண்டதும் பட்டியலை அவர் பக்கம் தள்ளிவிட்டேன்.

11 பெப்ரவரி

இரண்டு இயந்திரங்களில் ஒன்று என்று வந்து நிற்கிறது. ஒன்றில் கைபிடியை ஒருதரம் நெம்பினால் நாலைந்து கோது சேர்ந்து சுற்றிவரும். மற்றது ஒவ்வொன்றாய். அவருக்கு வேகமானதில்தான் ஆசை. என் வாய் சும்மா இருக்கவில்லை. தெரிந்த டொச் மொழியில் சொன்னேன்: "ஒவ்வொன்றாய்ச் செய்வதை எடுங்கள். எதற்குள் மருந்து விழுந்தது என்று கண்ணால் பார்க்கலாம். இரண்டு தரம் விழுந்தால் துவக்கே வெடிக்கும். கைபிடியை இடப்பக்கம் மாட்டலாமா என்றும் கேளுங்கள்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கணவர் கமக்காரர். வயலுக்குப் பன்றி வரும். கோது நிரப்புவது நான்."

அதோடு பட்டியலை மூடிவிட்டு அவருக்குத் தேநீர் வைக்க எழுந்தேன்.

15 பெப்ரவரி, ஞாயிறு

இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

ஊரில் துவக்குகளை ஒப்படைக்கச் சொல்லி அரசாங்க உத்தரவு வந்தபோது என் கணவர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். "மலர், அந்தக் கோதுகளையும் கிணத்துக்குள்ளை கொட்டிவிடு" என்றார். நான் கொட்டவில்லை. நாற்பத்தொன்று. ஒவ்வொன்றும் நான் துடைத்து அடுக்கியது. துவக்கு திரும்பி வந்தால் தேவைப்படுமே — அவ்வளவுதான் நினைத்தேன்.

ட்ரக்கில் வந்த ஆமிக்காரர் அரிசிப் பானைக்குப் பின்னால் கண்டெடுத்தார்கள். வெறுங்கோது, வெறுங்கோது என்று அவர் சொல்லச் சொல்ல இழுத்துக்கொண்டு போனார்கள். என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமில்லை. ஏன் என்ரை வாய் திறக்கேல்லை? நான்தான் வைச்சனான் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே.

அவரைப் பெற்ற மாமிக்கும் சொல்லவில்லை. இங்கே அகதி விசாரணையிலும் சொல்லவில்லை. இங்குள்ள எங்கள் ஆட்களுக்குப் படிவம் நிரப்பித் தரும் கனகலிங்கம் அண்ணை, "துவக்குக் கதை எடுக்காதையுங்கோ தங்கச்சி, ஆயுத இயக்கத்து ஆளெண்டு நினைப்பாங்கள்" என்றார். காரணம் போதாதென்று என் மனுவைத் தள்ளிவிட்டார்கள். மேல்முறையீட்டுக்கு மார்ச் 19 நீதிமன்றத்தில் விசாரணைக்குத் தெர்மின் தந்திருக்கிறார்கள். அதுவும் தவறினால் திருப்பி அனுப்புவார்கள்.

25 பெப்ரவரி

இயந்திரம் வந்துவிட்டது. நான் சொன்னதைத்தான் எடுத்திருக்கிறார். இடக்கையால் நெம்பி, முதலில் நிரப்பியதை என்னிடம் நீட்டினார். வாங்க முடியவில்லை. அழுதுவிட்டேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், உடைந்த டொச்சில்.

அவர் அந்தத் தோட்டாவைப் பெட்டிக்குள் வைத்தார். "என் நிலவறையில் முந்நூறு வெறுங்கோது கிடக்கிறது. நீதிபதியிடம் வந்து அதைச் சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

26 பெப்ரவரி

நீதிமன்றத்தில் கோதுக் கதையைச் சொல்லட்டுமா என்று அண்ணையிடம் கேட்டேன்.

"இப்ப சொன்னா, அப்ப ஏன் சொல்லேல்லையெண்டு கேப்பாங்கள்."

"பயந்தனான் எண்டு சொல்லுறன்."

அவர் தலை குனிந்துகொண்டார். "என்ரை பிழையும் இருக்குது. நானும் வாறன்."

19 மார்ச், வியாழன்

சொல்லிவிட்டேன். "நான்தான் வைச்சிருந்தனான்." மொழிபெயர்த்த பெண் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் அதை டொச்சில் சொன்னாள்.

எஸர் கோட் அணிந்து வந்திருந்தார். "நிரப்பிச் சுடுகிறவன் கோதை எறியமாட்டான். ஏழை விவசாயி எறியவே மாட்டான்" என்றார்.

கணவரைப் பற்றிப் பிறகு ஏதாவது அறிந்தீர்களா என்று நீதிபதி கேட்டார். இல்லை, ஆனால் உயிரோடு இருக்கிறார் என்றேன். எழுதிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மாமிக்குக் கடிதம் எழுதினேன். கோதுகளைப் பற்றி.

30 ஏப்ரல்

இங்கே இருக்கலாம் என்று தீர்ப்பு. அண்ணை இனிப்பு வாங்கி வந்தார். என் பங்கை எஸருக்கென்று எடுத்து வைத்தேன்.

12 மே

மாமியின் பதில்.

"பிள்ளை, நீ கோது துடைச்சு வைக்கிறதை நான் கண்டனான். நானும் கொட்டச் சொல்லேல்லை. நானும் உனக்கு ஒண்டு மறைச்சுப்போட்டன். அவனோடை சிறைக்குள்ளை கிடந்த ஒரு ஆள் போன ஆவணியிலை விடுபட்டு வந்து சொன்னவர். கொண்டுபோன மூண்டாம் மாதமே அவன்ரை உயிர் போயிட்டுதாம். நீ அங்கை தனிய. எப்பிடி எழுதுவன்?"

அவரைக் கொண்டுபோய் ஆறு மாதத்துக்குப் பிறகுதான் நான் இந்த நாட்டில் வந்து இறங்கினேன். அப்படியானால் அப்போதே அவர் இல்லை. நீதிபதியிடம் சொன்னேனே, உயிரோடு இருக்கிறார் என்று.

2 ஜூன்

புது வதிவிடப் பத்திரத்துக்கு அன்ட்ராக் என்கிற விண்ணப்பத்தை நிரப்ப நகர அலுவலகத்துக்குப் போனேன். அண்ணை வருகிறேன் என்றார். நான் தனியாகவே போனேன். குடும்ப நிலை என்ற இடத்தில் நாலு கட்டங்கள். இரண்டு வருடமாக 'திருமணமானவர்' என்பதில்தான் புள்ளடி போட்டு வந்தேன். இன்றைக்கும் பேனா அங்கேதான் போனது.

"அவசரமில்லை" என்றாள் அங்கிருந்த பெண்.

அடுத்த கட்டத்தில், 'கணவரை இழந்தவர்' என்பதில், போட்டேன். கீழே அவர் பெயரோடு கையெழுத்து வைத்தேன், ஞானமலர் யோகலிங்கம் என்று. அதை மாற்றச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை.