பழம் காத்திருக்காது

ஏற்காடு
மார்கழி, 1974

அன்புள்ள செல்லிக்கு,

கும்மிடிப்பூண்டிப் பட்டறையிலிருந்து என்னை இங்கே அனுப்பியிருக்கிறார்கள். காப்பிப் பழத்தின் தோலை உரித்துக் கொட்டையைக் கழுவும் கொட்டகையில் எங்கள் இயந்திரத்தை மாட்டித் தர வந்தேன். மலையிலுள்ள சின்னத் தோட்டக்காரர்கள் எல்லோருக்கும் இந்தக் கொட்டகை ஒன்றுதான். குளிர் நடுக்குகிறது. நீ இருந்திருந்தால் போர்வையை மறக்க விட்டிருக்க மாட்டாய்.

நேற்று மத்தியானம் இயந்திரத்தின் அச்சு முறிந்துவிட்டது. வெள்ளச்சி என்பவளின் பழம் அதற்குள் உரித்து முடிந்திருந்தது. பக்கத்துத் தோட்டத்து மாரக்காளின் மூட்டைகள் அப்படியே கிடந்தன. அன்றைக்கே உரிக்காவிட்டால் பழம் புளித்துவிடும். வேலித் தகராறில் இரண்டு பேருக்கும் ஒரு வருஷமாகப் பேச்சில்லையாம். வீட்டுக்குக் கிளம்பிய வெள்ளச்சி, கூடையை இறக்கி வைத்துவிட்டு, மாரக்காளின் எதிரே உட்கார்ந்து கையாலேயே பழத்தைப் பிதுக்க ஆரம்பித்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

எனக்குத் தாங்கவில்லை. "இன்னாம்மா, அவங்களோட பேச்சே இல்லன்னாங்க?" என்று வெள்ளச்சியிடம் கேட்டேன்.

"இப்பவும் பேசலைங்க. அதுக்குப் பழம் என்ன பண்ணுச்சு?" என்றாள்.

பொழுது சாய்வதற்குள் கொட்டை முழுவதும் தொட்டித் தண்ணீரில் கிடந்தது. மாரக்காள் எழுந்து வந்தாள். வெள்ளச்சியின் கூடையைத் தூக்கி அவள் தலையில் வைத்தாள். எத்தனை பெரிய மனசு, செல்லி! நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை திருத்தணியில் இறங்கிப் பள்ளிப்பட்டு பஸ் பிடிக்கிறேன். உன் அம்மா வீட்டுக்குத்தான் வருகிறேன். நீ பேசாவிட்டாலும் பரவாயில்லை. குழந்தையைக் கொஞ்ச நேரம் என் மடியில் விடு.

உன் வீட்டுக்காரன்