சரீங்கக்கா குணசீலன்

மார்ச் 3, திங்கள்

இன்றைக்கும் மூணு மணி நேரத் தூக்கம்தான். ராத்திரி வேலைக்குப் போகிறவள் பகலில் சும்மா இருக்கிறாள் என்று எங்கள் தெருவே முடிவு செய்துவிட்டது. பதினோரு மணிக்குப் பக்கத்து வீட்டுத் தோமினிக் மாமா வந்து எழுப்பி, "உங்க தொலைநோக்கியில பாத்து மேட்டூர் டேம்ல எத்தனை அடி தண்ணின்னு சொல்லு" என்றார். அது வானத்தில் சுத்திக்கிட்டு மேலே பார்க்கிறது மாமா, கீழே இல்லை என்றேன். "ஒரு வாட்டி குனிஞ்சு பாத்தா என்ன கொறஞ்சா போயிரும்?"

போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

மார்ச் 4, செவ்வாய்

போச்சு. தப்பு நடந்தது இது ரெண்டாவது தடவை.

மல்லசமுத்திரம் தாண்டி ஒரு கரட்டுக் குன்று மேல எங்கள் நிலையம். ஒரு பெரிய ஆன்டெனா, ஒரு அறை, நானும் குணசீலனும். ராத்திரிக்கு நாலு தடவை தொலைநோக்கி எங்கள் தலைக்கு மேல போகும். ஒவ்வொரு தடவையும் பத்து நிமிஷம். அதற்குள் அடுத்து எங்கே பார்க்கணும் என்று அதற்குச் சொல்லிவிடணும். நான் ஒவ்வொரு வரியாக வாசித்து அடிப்பேன். அவன் கையிலிருக்கும் தாளோடு ஒப்பிட்டுச் 'சரி' சொல்லி அனுப்புவான். தப்பு நடக்கக் கூடாது என்றுதான் ரெண்டு ஆள்.

நேற்று நான் தூக்கக் கலக்கத்தில் முந்தின நாள் பட்டியலை வாசித்திருக்கிறேன். அவன் புதுப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இருபத்திரண்டு வரிக்கும் "சரீங்கக்கா" சொல்லியிருக்கிறான். தொலைநோக்கி பார்த்ததையே ராத்திரி முழுக்கத் திரும்பப் பார்த்தது.

"ஏன்டா சொல்லல?"

"தப்புன்னு தெரிஞ்சுதுங்க. நீங்க சொன்னா ஏதாச்சும் காரணம் இருக்கும்னு உட்டுட்டேனுங்க."

பெங்களூரிலிருந்து கைலாசம் சார் கூப்பிட்டார். இன்னொரு தப்பு நடந்தால் எங்கள் நிலையத்தை மூடிவிட்டு ராத்திரி வேலையை அங்கேயே இழுத்துக்கொள்வார்களாம். மூடிட்டா? நான் எங்க போவேன்? அது தலைக்கு மேல வர்றப்போ திரையில ஒரு பச்சைக் கோடு துள்ளுமே, அதைப் பாக்காம எனக்கு ராத்திரி எதுக்கு?

மார்ச் 5, சாம்பல் புதன்

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்துக்கு அம்மா கறியை விட்டாள். நான் கோபத்தை விட்டேன். உயிர்ப்புத் திருநாள் வரைக்கும் யாரையும் திட்ட மாட்டேன். ஆண்டவரே, குணசீலனை நீரே பார்த்துக்கொள்ளும்.

மார்ச் 6, வியாழன்

திட்டவில்லை. பல்தான் வலிக்கிறது.

மார்ச் 10, திங்கள்

பயிற்சி ஆரம்பம். தினமும் வேண்டுமென்றே தப்பாகச் சொல்வேன், அவன் இல்லை என்று சொல்லணும்.

"குணா, இன்னைக்கு மார்ச் முப்பத்தஞ்சு."

"சரீங்கக்கா."

"நிலா போன வாரம் பனமரத்துப்பட்டி ஏரியில விழுந்துருச்சு."

கொஞ்சம் யோசித்தான். எனக்கு நம்பிக்கை வந்தது.

"அடி பலமுங்களா?"

எழுந்து வெளியே போய் ஆன்டெனாவை மூணு சுற்று சுற்றிவிட்டு வந்தேன். பாவம், நல்ல பையன். நான் கிளறிக் கொண்டுபோகும் உப்புமாவை அஞ்சு மாசமாக டப்பா வழிக்க வழிக்கத் தின்கிறான். "நல்லாருக்குதுங்க" என்று சொல்லாத நாளில்லை. நான் வீட்டிலேயே சோறு தின்றுவிட்டுப் போவதால் அவ்வளவும் அவனுக்குத்தான்.

மார்ச் 18, செவ்வாய்

வீட்டில் எருமையிடம் சொல்லிப் பழகுகிறானாம். "நாலு வாட்டி இல்லீங்கன்னு சொல்லிப்போட்டேனுங்க. ஒண்ணுஞ் சொல்லலீங்க." எருமையையும் 'ங்க' போட்டுத்தான் பேசுகிறான்.

மார்ச் 26, புதன்

குணாவின் அப்பா சென்னியப்பன் இளநீர் கொண்டுவந்து இறக்கினார். போகும்போது என்னிடம், "பையன் எதுத்துப் பேசினான்னா ஒரு வார்த்தை சொல்லுங்க சாமி. ஊட்டுல சோத்த நிறுத்திப்போடறேன்" என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஏப்ரல் 11, வெள்ளி. விடியல்

வீட்டுக்குப் போகாமல் இங்கேயே உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதினால் படபடப்பு அடங்கும்.

ரெண்டு நாற்பதுக்குக் கைலாசம் சார் போன், ஸ்பீக்கரில் போட்டேன். எங்கேயோ ஒரு நட்சத்திரம் வெடித்திருக்கிறது, உடனே திருப்பணும். வானத்தில் இடத்தையும் மணிக்கணக்கில்தான் சொல்வோம், மொத்தம் இருபத்துநாலு மணி. சார் பதிமூணு மணி என்றார். நான் ரயில் நேரம் பார்க்கிறவள் மாதிரி அதை ஒண்ணு ஆக்கி அடித்தேன். வழக்கமான பட்டியலில் ஆபத்தான இடம் வந்தால் கம்ப்யூட்டரே தடுக்கும். அவசர வரிக்கு அந்தக் காவல் கிடையாது. நாங்கள் ரெண்டு பேர்தான் காவல்.

வாசித்தேன். 'சரீங்கக்கா' வரவில்லை.

"குணா, நாலு நிமிஷம்தான் இருக்கு. அனுப்பு."

வேர்த்து ஊற்றியது அவனுக்கு. வாய் திறந்தது, மூடியது, திறந்தது.

"இல்லீங்க."

"அனுப்புடா!"

"இல்லீங்கக்கா!" கீபோர்டைப் பிடுங்கி மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

அடேய் எருமை, அறிவு கெட்ட முண்டம் என்று முப்பத்தேழு நாள் சேர்த்து வைத்த அத்தனையையும் கொட்டினேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு, "பதிமூணுங்க! சார் பதிமூணுன்னாருங்க! ஒண்ணுல சூரியன் இருக்குதுங்க!" என்று கத்தினான். உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினான். பேனாவில் 13.

சூரியன். அதை நேராகப் பார்த்திருந்தால் ஒரே நொடியில் அதன் கண் அவிந்திருக்கும். நிலையம் என்ன, தொலைநோக்கியே போயிருக்கும்.

கீபோர்டை வாங்கி மாற்றி அடித்தேன். "சரீங்கக்கா" என்றான், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. நாற்பது விநாடி மிச்சம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தது.

நானும் அழுதேன். தவம் போனால் போகிறது, ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்ளலாம்.

ஏப்ரல் 14, திங்கள்

நடந்ததை ஒளிக்காமல் எழுதி அனுப்பினேன். கைலாசம் சார் அதை வரி வரியாக எனக்கே போனில் வாசித்துக் காட்டினார். அப்புறம், "அந்தப் பையன் இருக்கற வரைக்கும் உங்க நிலையமும் இருக்கும்" என்றார்.

தோமினிக் மாமா பகலில் மறுபடி எழுப்பினார். தூங்குறேன் மாமா, சாயங்காலம் வாங்க என்றேன். போய்விட்டார்! இவ்வளவுதானா?

ஏப்ரல் 21, திங்கள்

உயிர்ப்புத் திருநாள் முடிந்தது, இனி சட்டப்படி திட்டலாம். திட்டுவதற்குத்தான் ஒன்றும் இல்லை.

தொலைநோக்கி முதல் தடவை தலைக்கு மேல போனதுக்கும் ரெண்டாவது தடவைக்கும் நடுவில் உப்புமா டப்பாவை அவன் பக்கம் தள்ளினேன். திறந்து பார்த்தான். மூடினான்.

"வேண்டாங்கக்கா."

"ஏன், பசிக்கலையா?"

"பசிக்குதுங்க." எச்சில் விழுங்கினான். "உப்புமா நல்லாயில்லீங்க. ஒருநாளும் நல்லாயில்லீங்க."

ஆறு மாசம்! சுர்ரென்று ஏறியது எனக்கு. டப்பாவைப் பிடுங்கி நானே ஒரு வாய் அள்ளிப் போட்டேன். மென்றேன். விழுங்க முடியவில்லை.

"சரீங்க குணசீலன்" என்றேன்.