மூன்று தடவையும் அவள் போய்விட்டாள்

ஆலன்,

பிசிபேளேபாத் குக்கரில் இருக்கிறது. மோட்டார் பார்க்க மஞ்சுநாத் பதினொரு மணிக்கு வருவார். மாடிச் சாவி ஃபிரிட்ஜ் மேல்.

நான் கதை எழுதிய கேமை நேற்று மூன்று தடவை விளையாடிவிட்டு, “எதை செலக்ட் பண்ணாலும் கடைசில பொண்டாட்டி வீட்ட விட்டுப் போயிடறா, உன் கேம்ல ஏதோ பக் இருக்கு” என்று கத்தினாய். பக், கோளாறு எதுவும் இல்லை. வேலையை விடுவதா, வீட்டை விற்பதா என்று நீ தலையைப் பிய்த்துக்கொண்ட கேள்விகள் எதுவும் முடிவை மாற்றாது. அவள் பேசும்போது, கேட்காமல் தாண்டிப்போக எத்தனை தடவை ஸ்கிப் அழுத்துகிறாய் என்பதை மட்டும்தான் கேம் எண்ணுகிறது. நீ ஒவ்வொரு தடவையும் அவளுடைய முதல் வரியிலேயே அழுத்தினாய்.

இதைச் சொல்லத்தான் நேற்று வாயைத் திறந்தேன். “ஆயித்து, ஆயித்து, புரிஞ்சுது” என்று பாதியிலேயே வெட்டிவிட்டு எழுந்து போய்விட்டாய்.

ஆபீஸ் முடிந்து தேவராஜ மொஹல்லாவில் அக்கா வீட்டுக்குப் போகிறேன். இன்று அங்கேதான் தங்குவேன்.

பெனிட்டா

தயிர் புளித்துவிட்டது, புதிதாக வாங்கிக்கொள்.

அவள் போகாத ஒரு முடிவும் எழுதியிருக்கிறேன். சாயங்காலம் ஏழு மணிக்குப் போன் பண்ணுவேன். நான் பேசி முடிக்கிறவரைக்கும் வைத்துவிடாதே.